அந்த வீட்டு வாசல் குழாய்

அறுபதுகளின் தொடக்கம். பெரியபட்டினத்திலிருந்து கடலோரமாகவே போனால் வரும் ஒரு சிறிய ஊருக்குத் தபால் அலுவலக எழுத்தராக என்னை மாற்றியிருந்தார்கள். நான் காவிரிக்கரைக்காரன். திருமணமான புதிது. மனைவியும் நானும் ஒரு தெருவின் கோடியில் வாடகைக்கு வீடு பிடித்தோம். மணலோடும் உப்புக்காற்றோடும் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. மனிதர்களோடு பழகும் உத்தேசம் எனக்கு அதிகம் இல்லை. காலையில் முத்திரை குத்த ஆரம்பித்து மாலையில் நிறுத்தினால் என் கடமை முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான்.

அந்தத் தெருவில் ஒரு முன்னேற்றச் சங்கம் இருந்தது. கொழும்பில் பல வருஷம் துணிக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பாய்தான் அதற்குத் தலைவர். கூட்டம் என்றால் எனக்கும் தவறாமல் சொல்லி அனுப்புவார். நானும் வருவதாகச் சொல்லிவிட்டுத் தவறாமல் போகாமல் இருந்துவிடுவேன். ஒருநாள் காலையில் அவரே தபால் அலுவலகத்துக்கு வந்து, கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நேத்து ஒங்களக் காரியதரிசியாப் போட்டுட்டோம் தம்பி. எதிர்ப்பே இல்ல."

"நான் கூட்டத்துக்கே வரலையே பாய்!"

"அதனாலதான் எதிர்ப்பில்ல. வந்தவுக ஒவ்வொருத்தரையும் வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் இருந்துச்சு. ஒங்கள வேண்டாம்னு சொல்ல யாருக்கும் ஒரு காரணமும் கெடைக்கல."

இப்படித்தான் நான் பொதுவாழ்வில் இறங்கினேன்.

காரியதரிசிக்கு முதல் வேலை காத்திருந்தது. பஞ்சாயத்து யூனியன் வந்த புதிது. ஊருக்கு வெளியே ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றில் ஆயில் என்ஜின் வைத்து, தெருவுக்கு ஒரு குழாய் போட உத்தரவாகியிருந்தது. அதுவரை பெண்கள் பனங்காட்டைத் தாண்டிப் போய் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்பினார்கள். விடியும் நேரத்தில் ஊற்றுநீர் இளநீர் மாதிரி இருக்கும். அள்ள அள்ள உப்பு ஏறிக்கொண்டே வரும். கடைசியாக வருகிறவளுக்குக் கிடைப்பது பாதிக்குப் பாதி கடல்தான்.

எங்கள் தெருவின் கீழ்ப்பாதி முஸ்லிம் குடும்பங்கள். மேல்பாதி படகு வைத்திருப்பவர்களும் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களும். குழாய் எங்கள் பக்கம்தான் வரவேண்டும் என்று இரண்டு பாதியும் ஒற்றைக்காலில் நின்றன. இதில் யாருக்கும் சொந்தக்காரன் அல்லாத ஒருவன் இடம் குறிக்க வேண்டும் என்றுதான் என்னைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் கணக்குதான். தபால் பை கட்டும் சணல் கயிற்றைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிடித்து, அதைச் சரிபாதியாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு குச்சியை ஊன்றினேன். ஒரு சிறிய ஓட்டு வீட்டின் வாசல் அது. சுற்றி நின்றவர்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தீர்ப்பு அவ்வளவு நேர்த்தி, வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாய் மட்டும் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

குழாய் வந்தது. பாய் திறந்து வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள், கலைந்து போனார்கள். மறுநாள் காலை குழாயடியில் என் மனைவி ஒருத்திதான் நின்றாள். மற்ற பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு அந்தக் குழாயைத் தாண்டி ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே.

விஷயத்தை விசாரித்து வந்தவளும் என் மனைவிதான். அந்த ஓட்டு வீட்டில் தனியாக இருந்தவர் ஓலைப்பெட்டி முடைந்து பிழைக்கும் ஒரு விதவை. சில வருஷங்களுக்கு முன் கரையில் வலைத் தகராறு ஒன்று நடந்திருக்கிறது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவனை யாரோ துடுப்பால் அடித்து மண்டையை உடைத்துவிட்டார்கள். அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் ஒரு கை விளங்காமல் போயிற்று. போலீஸ் வந்து கேட்டபோது தெருவே ஒரே குரலில் "பாக்கல" என்றது. ஊற்றிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இந்த அம்மாள் மட்டும் பார்த்ததாகச் சொன்னார். கோர்ட்டிலும் போய்ச் சொன்னார். சிறைக்குப் போனவன் மேலக்கோடி சம்மாட்டி வீட்டம்மாளின் தம்பி. சம்மாட்டி என்றால் படகு முதலாளி. அந்த வீட்டம்மாளோ தெருவுக்கே முதலாளி. "பொய்ச்சாட்சி சொன்னவ" என்று அவர் ஒரு சொல் சொல்ல, அன்றிலிருந்து ஓட்டு வீட்டோடு யாருக்கும் பேச்சில்லை. நல்லது கெட்டதுக்கு அழைப்பில்லை. அடுப்புக்கு நெருப்புக்கூடக் கொடுப்பதில்லை. கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான் போலிருக்கிறது. நான் போய்ச் சரியாக அந்த வாசலில் குச்சியை ஊன்றியிருக்கிறேன்.

யூனியனிலிருந்து வந்த ஓவர்சியர் காய்ந்து கிடந்த குழாயடியைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்னா சொல்லிடுங்க, அடுத்த தெருவுக்கு மாத்திடறேன்" என்று சொல்லிப் போனார். உடனே கூட்டம் கூடியது. வேறு இடம் எது என்பதில் பழைய சண்டை அப்படியே இருந்தது. ஆனால் இந்த இடம் ஆகாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. மாற்றக் கோரி மனு எழுதும் பொறுப்பு காரியதரிசிக்கு. எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. குச்சியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் என் தலைவலி போய்விடும்.

அன்று மதியம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, அந்த அம்மாள் தபால் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். விரல்களில் ஓலை கீறிய தழும்புகள். கடிதம் எழுதித் தரச்சொல்லி வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"கொழாய எடுக்கச் சொல்லி எழுதப் போறீகளாம்ல. எழுதாதீக."

நான் முத்திரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஊத்துல எல்லாரும் அள்ளுன பெறகுதான் எனக்கு. அந்நேரம் வாயில வைக்க ஏலாது. கொழாத் தண்ணி கடைசிக் குடத்துக்கும் உப்புக் கரிக்காதுல்ல?" என்று கேட்டார். கரிக்காது என்றேன். "அப்ப இருக்கட்டும். நான் முன்வாசலப் பூட்டிர்றேன். பின்னால சந்து வழியாப் போறேன் வாரேன். அவுக என் மொகத்துல முழிக்க வேண்டாம். தண்ணி பிடிக்கட்டும்."

குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல்.

மறுநாள் அந்த முன்கதவில் ஒரு பெரிய பூட்டுத் தொங்கியது. அதைப் பார்த்ததும் பாய் தம் வீட்டுப் பெண்களை முதலில் அனுப்பினார். பிறகு கீழ்ப்பாதி வந்தது. ஒரு வாரம் ஊற்றில் குனிந்து அள்ளிப் பார்த்துவிட்டு மேல்பாதியும் வந்தது. சம்மாட்டி வீட்டம்மாள் கடைசியாக வந்தார், பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு வரிசையில் குடத்தை வைத்தார். அந்த அம்மாள் எல்லோரும் போனபின், என்ஜின் நிற்பதற்குள், சந்தைச் சுற்றி வந்து ஒரு குடம் பிடித்துக்கொண்டு போவார். மனு எழுதும் பேச்சு தானாக நின்றது.

எங்கள் தெருவில் வரிசை என்றால் ஆள் நிற்பது கிடையாது. குடத்தை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், என்ஜின் சத்தம் கேட்டதும் ஓடி வருவார்கள். பூட்டிய வீட்டின் படியில் காலை நிழல் விழும். முதலில் குடங்கள் அந்தப் படியில் ஏறின. கொஞ்ச நாளில் பெண்களே ஏறி உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்தார்கள். பக்கத்து ஜன்னலுக்கு உள்ளே அந்த அம்மாள் ஓலை முடைந்துகொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது மாதிரி இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி ஓடி வந்தாள். "சீக்கிரம் வாங்க, அடிதடி ஆயிடும்போல இருக்கு" என்றாள்.

நான் போனபோது குழாய்க்கு இந்தப் பக்கம் கீழ்ப்பாதி ஆண்கள், அந்தப் பக்கம் மேல்பாதி ஆண்கள். நடுவில் சம்மாட்டி வீட்டம்மாளும் கீழ்ப்பாதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணும். வரிசையில் இரண்டாவதாக நின்ற குடம் தன்னுடையது என்கிறார் சம்மாட்டி வீட்டம்மாள். அதை இவள் பின்னால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை அங்கே வைத்துவிட்டாள் என்று சாதிக்கிறார். அந்தப் பெண்ணோ, "அல்லா மேல சத்தியமா நான் தொடவே இல்ல" என்று அழுகிறாள். ஒரு குடம் தண்ணீருக்காகத்தான் ஆரம்பித்தது. ஆனால் அதற்குள் பேச்சு "உங்க ஆளுக", "எங்க ஆளுக" என்று மாறியிருந்தது. ஒருவன் கையில் துடுப்பே இருந்தது. பாய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றார், அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. ஒரு கை நீண்டால் போதும், அன்றோடு குழாயும் போச்சு, தெருவும் போச்சு.

காரியதரிசியாயிற்றே, நானும் ஏதாவது செய்ய வேண்டும். "யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் குடத்தை வைத்துவிட்டுப் போனவர்கள். யாரும் பார்க்கவில்லை.

அப்போது சம்மாட்டி வீட்டம்மாள் ஜன்னலை நோக்கிக் கையை நீட்டினார். "இந்தா இங்கனதான உக்காந்திருக்கா! விடிஞ்சதுலருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கா! அவளக் கேளுங்க. அவ பொய் சொல்ல மாட்டா!"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. குழாய்க்கடியில் இருந்த குடம் நிரம்பி வழிந்து மணலில் ஓடியது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை.

ஜன்னலுக்குள் அசைவு தெரிந்தது, பிறகு மறைந்தது. வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் போயிருக்க மாட்டேன். ஆனால் சற்று நேரத்தில் சந்து முனையில் அவர் வந்தார். கையில் பாதி முடைந்த பெட்டி. கூட்டம் விலகியது. அவர் என்னையும் பார்க்கவில்லை, பாயையும் பார்க்கவில்லை. நேராகச் சம்மாட்டி வீட்டம்மாள் முன்னால் போய் நின்றார்.

"மதினி, பாத்ததச் சொல்லவா?"

சம்மாட்டி வீட்டம்மாளின் உதடு துடித்தது. அழப்போகிறாரா, அறையப்போகிறாரா என்று தெரியவில்லை. கடைசியில், "சொல்லு" என்றார். பாதிச் சத்தம்தான் வந்தது.

"நீங்க வரும்போதே மூணு கொடம் இருந்துச்சு. ரெண்டாவது இந்தப் புள்ளையோடது. ஒங்க கொடம் மாதிரியேதான் இருக்கும், பித்தளையில வளையம் போட்டது. ஒங்களுது நாலாவது. யாரும் நகத்தல."

அவ்வளவுதான் சொன்னார். சாதகமாக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவருக்கு அந்தத் தெரு திரும்பக் கிடைத்திருக்கும். அது தெரியாதவர் இல்லை அவர்.

சம்மாட்டி வீட்டம்மாள் குனிந்து இரண்டு குடங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் குடத்தை எடுத்து நாலாவது இடத்தில் வைத்தார். துடுப்போடு நின்றவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தான். ஆண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். யாரும் யாரையும் கட்டிப்பிடித்து அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த இளம்பெண் மட்டும் தன் முறை வந்தபோது, பிடித்த குடத்தை அந்த அம்மாளின் முன்னால் வைத்து, "மொதல்ல நீங்க எடுத்துக்கங்க" என்றாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வந்த சந்து வழியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் முன்கதவில் பூட்டு இல்லை. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. சில நாள் கழித்து அந்த வாசலில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ இன்னொரு மண்குடமும் நிற்பதை வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். அதன் முறை வந்தபோது, "ஏய், ஓங்கொடம் வந்துருச்சு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டது சம்மாட்டி வீட்டம்மாளின் குரல்.

"யோசிச்சுத்தான தம்பி அங்கன வச்சீக?" என்று பாய் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். இல்லை, கயிற்றை மடித்தேன், அங்கே விழுந்தது என்று எத்தனையோ தடவை சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். மாற்றல் உத்தரவு வந்து நாங்கள் கிளம்பிய அன்று சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அந்த மாலைக்கு உரியவர் ஓலைப்பெட்டியும் கையுமாகக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார்.

பிற்பாடு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ சங்கங்களில் இருந்துவிட்டேன், இப்போதெல்லாம் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போகிறேன். யாரையாவது பொய்யர் என்று ஒரு கூட்டமே சேர்ந்து சொல்லும்போது எனக்கு அந்த நீட்டிய கைதான் ஞாபகம் வருகிறது. அந்த அம்மாள் கோர்ட்டில் சொன்னது உண்மை என்று அந்தத் தெருவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், அது வாய்விட்டு வெளியே வர ஒரு குடம் தண்ணீர்ச் சண்டை தேவைப்பட்டது.