கேட்டுக்காரரின் முப்பது வினாடி

கேட்டுக்காரர் வினாடி வினாவில் ஒரு நாளும் தோற்றதில்லை. தினமும் மாலை ஏழு மணிக்கு, மாடி அறையில், பிளாஸ்டிக் நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்காருவார். தொகுப்பாளர் கேள்வியை முடிப்பதற்குள் இவரிடம் பதில் தயாராக இருக்கும். போட்டியாளர் திருதிருவென்று விழித்தால் இவருக்குப் பொறுக்காது. "ஏம்பா, இது கூடவா தெரியல? மூணாவதுப்பா, மூணாவதைச் சொல்லு" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சுவார். அவன் இரண்டாவதைச் சொல்லித் தொலைப்பான். இவர் தலையில் அடித்துக்கொள்வார். அறையில் வேறு யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும், அடித்த கையாலேயே தலையைத் தடவிக்கொள்வார்.

இத்தனை தெரிந்து என்ன பயன்? பக்கத்தில் உட்கார்ந்து "அட, ஆமாம்!" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால்தான் சரியான பதிலுக்கே ருசி. அது இல்லாத குறையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. விளம்பரம் வந்ததும் எழுந்து போய் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வருவார்.

முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். ஊருக்கு வெளியே நாலு மைல் தள்ளி ஒரு சின்ன அறை, ஒரு போன், இரண்டு கொடி, கண்ணுக்கெட்டிய தூரம் தண்டவாளம். மனிதர்கள் அவரோடு பேசியதெல்லாம் மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டுதான். "யோவ், வண்டி எங்கய்யா வருது? திறந்து விடுய்யா!" இதைத் தவிர வேறு வார்த்தை அவர் காதில் விழுந்ததில்லை. ஊரே அவரைத் திட்டியது. திட்டியவர்கள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் பொழுது மணிக்கணக்கில் கிடக்கும். ரயிலிலிருந்து விழுந்த செய்தித்தாள், யாரோ மறந்துவிட்டுப் போன பொது அறிவுப் புத்தகம், பொட்டலம் கட்டி வந்த காகிதம் என்று கையில் கிடைத்த எதையும் அவர் விட்டு வைத்ததில்லை.

போன் விஷயத்தில் மட்டும் அவர் தனி ரகம். ஸ்டேஷனிலிருந்து "இந்த நம்பர் வண்டி கிளம்பிடுச்சு, கேட்டை மூடு" என்று செய்தி வரும். கேட்டவர் அதை ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரியா?" என்று கேட்க வேண்டும். எதிர்முனை "சரி" என்ற பிறகுதான் அடுத்த வேலை. ஒரு நம்பர் மாறிக் கேட்டால் ஒரு பஸ் நிறைய ஜனம் போய்விடும். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. கேஸ் கம்பெனிக்காரன் "நாளைக்கு சிலிண்டர் வரும்" என்றால், "நாளைக்கு சிலிண்டர் வரும், சரியா?" என்பார். அவன், இவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொள்வான்.

அவருக்கு ஒரே மகள். அவளுக்கு எட்டு வயதாகும்போது மனைவி போய்ச் சேர்ந்தாள். கேட்டுப் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஏது? மனைவியின் அக்கா குழந்தையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். விடுமுறைக்கு வரும் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வண்டி பார்ப்பாள். அப்பா கொடி பிடிப்பார். அவர்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. சண்டை போடவாவது கொஞ்சம் பழக்கம் வேண்டுமே! இப்போது அவள் வேறு ஊரில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். மாதம் ஒரு முறை போன் செய்வாள். "உடம்பு எப்படிப்பா?" "பரவாயில்ல." "மாத்திரை போடறீங்களா?" "போடறேன்." அதோடு விஷயம் தீர்ந்துபோகும்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் வழக்கமில்லாமல் புதன்கிழமை கூப்பிட்டாள்.

"அப்பா, அந்த வினாடி வினாவுக்கு என்னைத் தேர்வு பண்ணியிருக்காங்க. போன்ல உதவி கேக்கறதுக்கு ஒருத்தர் பேர் கொடுக்கணும். உங்க பேரைக் கொடுத்திருக்கேன்."

"என் பேரையா?"

"ஆமாப்பா. வர்ற வெள்ளிக்கிழமை காலையில பத்துலேர்ந்து பன்னிரண்டுக்குள்ள கூப்பிடுவாங்க. முப்பது வினாடிதான் நேரம்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. நேரே டீக்கடைக்குப் போனார். கேட்காமலேயே எல்லாருக்கும் சொன்னார். "பாத்துங்க, பதில் தெரியாம மக மானத்தை வாங்கிடாதீங்க" என்று டீக்கடைக்காரர் சீண்டினார். "கேள்வியே அவங்களுக்குத் தெரியாம இருந்தாத்தான் எனக்குத் தெரியாது" என்று இவர் மார்தட்டினார். மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு தலைநகரமாகச் சொல்லிக்கொண்டே ஏறினார். மாடியை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா அதை ஏதோ மந்திரம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டாள். ஆள் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தார். ஆனால் அவர் மனதில் இருந்த ஆசை சிரிப்புக்குரியது இல்லை. மகளைத் தூக்கி வளர்க்கவில்லை, பள்ளியில் கொண்டுபோய் விடவில்லை, காய்ச்சலில் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரே ஒரு தடவையாவது அவளுக்கு உதவிய அப்பாவாக இருந்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை குளித்து, சலவைச் சட்டை போட்டு, போனை மேஜைமேல் வைத்து அதன் எதிரில் உட்கார்ந்தார். பதினொன்றே காலுக்கு மணி அடித்தது. தொகுப்பாளரின் குரல், தினமும் டிவியில் கேட்கிற அதே குரல், "வணக்கம் ஐயா, உங்க மக இங்க இருக்காங்க. உங்க நேரம் இப்ப தொடங்குது" என்றது.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"சொல்லுங்க" என்றார் கேட்டுக்காரர்.

பிறகு அவள் படபடவென்று படித்தாள். "தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ளும் காலம், சூரியனைச் சுற்றிவரும் காலத்தைவிட அதிகமாக உள்ள கோள் எது? புதன், வெள்ளி, செவ்வாய், சனி."

பாதிக் கேள்வியிலேயே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. வெள்ளி! சந்தேகமே இல்லை. ஆனால் போன் காதில் இருந்தது. செய்தி வந்திருந்தது. வாய் தன் போக்கில் வேலையைத் தொடங்கிவிட்டது. "தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ளும் காலம்..." என்று நிறுத்தி நிதானமாக, நாலு கோள்களையும் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லி முடித்து, "சரியா?" என்று கேட்டார்.

எதிர்முனையில் யாரும் சரி என்று சொல்லவில்லை. முப்பது வினாடி முடிந்து லைன் அறுந்திருந்தது. "வெள்ளிம்மா, வெள்ளி!" என்று கத்தினார். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஆமாங்க, இன்னைக்கு வெள்ளிதான்" என்றாள்.

அன்று மாலை மகள் கூப்பிட்டு, "பரவாயில்லப்பா, விடுங்க. செவ்வாய்னு சொல்லி வெளிய வந்துட்டேன்" என்றாள். இவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த ஐந்து வாரமும் அவர் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. டிவியில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வாய் வரவில்லை. மாதாந்திர போனும் வரவில்லை. கோபமாகத்தான் இருப்பாள், இருக்கட்டும், நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டார். தானாகக் கூப்பிடத் துணிச்சல் இல்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மாலை, பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தவர் ஏழு மணிக்கு நாற்காலியில் இருந்தார். மகள் பச்சைச் சட்டையில் வந்து உட்கார்ந்தாள். முகம் இளைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். அவள் கண்ணாடி போடுவதே அவருக்குத் தெரியாது. ஏழு கேள்விக்கு டக்டக்கென்று பதில் சொன்னாள். எட்டாவதில் நின்று, "அப்பாவுக்குப் போன் பண்றேன் சார்" என்றாள்.

"உங்க அப்பா பெரிய அறிவாளியோ?" என்றார் தொகுப்பாளர்.

"தெரியல சார்."

கூட்டம் சிரித்தது. "அப்புறம் எதுக்கு அவர் பேரைக் கொடுத்தீங்க?"

அவள் கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள். "அவருக்கு விடை தெரியும்னு கொடுக்கல சார். இதைச் சாக்கா வெச்சு அவர்கூட முப்பது வினாடி பேசலாம்னுதான். எங்களுக்குப் பேசறதுக்கு வேற எதுவும் வராது."

கூட்டம் மறுபடி சிரித்தது. அவள் ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். பிறகு மணி அடித்தது. "அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்திருந்தது. அரங்கம் அதிர இவர் குரல் வந்தது: "சொல்லுங்க." ஒரு அதிகாரியிடம் பேசும் குரல் அது. மகளின் சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல அணைந்தது. அவள் குனிந்து கேள்வியைப் படித்தாள்.

விடை போனதுதான் நஷ்டம் என்று ஐந்து வாரமாக நினைத்துக்கொண்டிருந்தவர் டிவியை அணைத்தார். அழுகை வந்தது, அழுதார். பிறகு போனை எடுத்து, ஓய்வு பெற்ற பின் முதல் முறையாகத் தானே மகளைக் கூப்பிட்டார்.

"பாத்தேம்மா" என்றார்.

"அது சும்மா ஏதோ உளறிட்டேன்ப்பா. மனசுல வெச்சுக்காதீங்க."

பேச ஒன்றும் அகப்படவில்லை. உலகத்திலுள்ள அத்தனை தலைநகரமும் தெரிந்தவருக்கு மகளிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது.

"அந்தப் பச்சைச் சட்டை நல்லா இருந்துச்சும்மா. புதுசா?"

"இல்லப்பா. மூணு வருஷமா போட்டுட்டிருக்கேன்."

கேட்டுக்காரர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "சரிப்பா, வெச்சுடட்டுமா?" என்றாள் மகள்.

"வேண்டாம்மா, வெச்சுடாதே" என்றார். "எனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன இருக்கு, சொல்லு."