முத்திரை குத்தாத முழம்

பூக்கடை போடுகிறவன் முதலில் யோசிக்க வேண்டியது தன் கையின் நீளத்தைத்தான் என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பினேன். அப்படி நம்பியதில் என் தப்பு பாதி, நான் பார்த்த வேலையின் தப்பு பாதி.

செஞ்சி பஜாரில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை நிறுக்கிற வேலை எனக்கு. வெளியூரார் அதை வேர்க்கடலை என்பார்கள். வீசை போய்க் கிலோ வந்த புதிது. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் ஆபீசர் வந்து முத்திரை குத்திவிட்டுப் போவார். முத்திரை இல்லாத கல்லை நான் தொடவே மாட்டேன்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் முதலாளியிடம் போய், “இனிமே தூசியில உக்கார மாட்டேன், வாசனையில உக்காரப் போறேன்” என்று வசனம் பேசி வேலையை விட்டேன். அவர் கோபப்படவில்லை. “போய்ட்டு வா. மல்லாட்டை வாடாது. நீ எப்ப வாடறியோ அப்ப வா” என்றார். வேலை கேட்டு அந்தப் படியைத் திரும்ப மிதிப்பதற்கு, கோட்டை இருக்கிற ராஜகிரி மலையை நொண்டியடித்தே ஏறிவிடலாம்.

மற்றதெல்லாம் சரியாகத்தான் யோசித்தேன். கோட்டை வாசலில் கடை போடச் சொன்னவர்கள் உண்டு. கோட்டை ஏறி இறங்குகிறவன் மோர் கேட்பான், மல்லி கேட்பானா? கோயிலுக்குப் போகிறவர்களும் பஸ் ஏறுகிறவர்களும் கடக்கிற மூலையில், ஒரு பாயின் தையல் கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டேன். அனந்தபுரம் பக்கத்துத் தோட்டக்காரரிடம் அரும்புக்குச் சொல்லி வைத்தேன். முதல் பஸ்ஸில் ஈரக் கூடையில் வந்துவிடும். கட்டுவதற்கு மனைவி. கடை திறக்கிற வாரம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வாழைநாரை என் முழங்கை முட்டியில் வைத்து நடுவிரல் நுனி வரை அளந்தாள். புதுச்சட்டை என்று நினைத்து, அளவு கெடாமல் இடக்கையால் மோர் குடித்தேன்.

முதல் வெள்ளிக்கிழமையே கூட்டம். நான் முழம் முழமாக அளந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சாரியில் ரொம்ப நாளாகப் பூ விற்கும் அக்காவின் கை கண்ணில் பட்டது. அக்கா குள்ளம். நான் பனைமரம். அக்காவின் முழம் என் முழத்தில் முக்கால் தேறினால் அதிகம். விலையோ ஒன்று.

எனக்கு வியர்த்துவிட்டது. வீசையை மாற்றிய கவர்மெண்டு, முழத்தை மட்டும் ஏன் அவனவன் கையோடு விட்டுவைத்தது? ஒவ்வொரு முழத்துக்கும் கால் முழம் தர்மம் செய்தால் பொங்கலுக்குள் நான் மண்டி வாசலில் நிற்பேன். பூ விற்கவில்லையே என்று அழுகிறவர்கள் உண்டு. விற்கிறதே என்று அழுதவன் செஞ்சியில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

அடுத்த வாரம் நடுவிரலைக் கொஞ்சம் உள்ளே மடக்கி அளந்து பார்த்தேன். தினமும் வீட்டுக்கு ஒரு முழம் வாங்குகிற பாய், துணி அளந்தே பழுத்தவர், பிடித்துவிட்டார்.

“இன்னாண்ணே, விரலை மடக்கிக்கினு அளக்கற?”

“சுளுக்கு பாய்.”

“அடப்பாவமே, நேத்தே சொல்லக் கூடாதா?”

தைலத்தோடு வந்து உட்கார்ந்தார். இல்லாத சுளுக்கை எலும்பு எலும்பாகத் தேடி உருவினார். மத்தியானத்துக்குள் சுளுக்கு நிஜமாகவே வந்துவிட்டது. கையில் துணிக்கட்டைப் பார்த்த பெண்கள், “பாவம், கை நோவசொல்ல எப்படி அளப்பாரு” என்று இரக்கப்பட்டு எதிர்ச் சாரிக்குப் போனார்கள். சாயங்காலம் கூடையில் பாதிப் பூ என்னைப் பார்த்து மலர்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் நாரைக் கிழிப்பதை நிறுத்தவில்லை.

“உன் கை நீட்டுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான அன்னிக்கு அளந்தேன். அந்த அக்கா நெருக்கிக் கட்டுது. நான் உன் கைக்குத் தக்கன எடம் வுட்டுக் கட்டறேன்.”

“அப்போ சனங்களை ஏமாத்தறோமா?”

“யாரு ஏமாந்தா? கொண்டையில கெட்டியா வைக்கிறவ அங்க வாங்கறா. ரெண்டு பக்கமும் தொங்க வுடறவ இங்க வரா. பொம்பளைக்குப் பூப் பார்க்கத் தெரியாதா?”

“என்னாண்ட ஏன் சொல்லல?”

“கடை போடறவனுக்கு இதுகூடத் தெரியாதுன்னு நான் இன்னா கனவா கண்டேன்?”

“அப்போ சட்டை?”

“எந்தச் சட்டை?”

அடுத்த நாரை எடுத்துக்கொண்டே, “நம்பிக்கை இல்லன்னா போய் நிறுத்துப் பாரு. அதான உனுக்குத் தெரிஞ்ச வேலை” என்றாள்.

மறுநாள் காலையில் அக்காவிடம் ஒரு முழம் வாங்கினேன். என் கூடையிலிருந்து, வலிக்க வலிக்க எல்லா விரலையும் நீட்டி ஒரு முழம் அளந்தேன். இரண்டையும் வாழை இலையில் மடித்துக்கொண்டு மண்டிப் படியேறினேன்.

முதலாளி என் கைக்கட்டைப் பார்த்தார். “இன்னாடா, அதுக்குள்ள வாடிட்டியா?”

“இல்ல மொதலாளி. தராசு மட்டும் கொஞ்சம் வேணும்.”

மாதிரிக் கடலை நிறுக்கிற சின்னத் தராசைத் தள்ளிவிட்டார். ஒரு தட்டில் அக்காவின் முழம். மறு தட்டில் என் முழம், விளிம்புக்கு வெளியே வால் தொங்க. முதலாளி எழுந்து வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

முள் நடுவில் நின்றது.