சம்பூர்ணமும் இரண்டு முட்களும்

படாளத்துச் சம்பூர்ணம் தன் நிழலையே ஒரு முறைக்கு இருமுறை திரும்பிப் பார்க்கிறவள். அப்படிப் பிறந்தவள் அல்ல. ரிப்பேருக்கு என்று சொல்லிக் கொழுந்தன் ஓட்டிப்போன டிராக்டர் திரும்பி வரவேயில்லை. அன்று முதல் 'ரிப்பேர்' என்ற சொல்லைக் கேட்டாலே அவள் உஷாராகிவிடுவாள்.

கணவன் அப்பாசாமி விட்டுப்போனது ஒரு வெள்ளை அம்பாசிடர். அவர் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் டாக்சியாக ஓட்டியது. அவர் போன பிறகு அதற்குப் புது யோகம் அடித்தது. மாமல்லபுரம் கடற்கரையில் போட்டோ எடுக்கும் கல்யாண ஜோடிகளுக்குப் பழைய கார்தான் வேண்டுமாம். மகள் சுஜாதாவைக் கட்டி வீட்டோடு வந்த மருமகன் கார்த்திதான் அதை ஓட்டினான்.

கொஞ்ச காலமாக அவன் ஒரே பாட்டைப் பாடினான். "வண்டி ஹீட்டாவுது, அத்த. முள்ளு செவப்புக்குப் போவுது. நிறுத்தி நிறுத்தித்தான் வரணும்." சென்சாரை மாற்றினான், தெர்மோஸ்டாட்டை மாற்றினான். முள் மசியவில்லை. இன்னொரு பக்கம், காலையில் பாதி டேங்க் காட்டிய பெட்ரோல் முள் சாயங்காலம் அடியில் கிடந்தது.

சம்பூர்ணம் மருமகனை நேருக்கு நேர் எதுவும் கேட்டதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான். "இன்னாடி, வண்டி தண்ணி குடிக்கிற மாதிரி பெட்ரோல் குடிக்குதாம். யாரு குடிக்கறான்னு கேளு."

"நீயே கேளேன்மா. எதிர்லதான குந்தினு கீறாரு."

சுஜாதா ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அத்தையின் சந்தேகம் பொறுக்காமல், கார்த்தி சிறுசேரியில் கம்பெனி கேப் ஓட்டப் போகிறானாம். அடுத்த மாதமே கேளம்பாக்கத்தில் தனிக்குடித்தனம். "திருவிடந்தையில செலுத்தவேண்டிய மாலையச் செலுத்திட்டு நாங்க கெளம்பறோம்மா."

அந்த மாலை சுஜாதாவுக்கு வரன் கூட வேண்டும் என்று பெருமாள் கோயிலில் போட்டுக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய்ச் செலுத்த வேண்டும். ஆணியில் தொங்கி, காய்ந்து, நாராகிவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு சம்பூர்ணம் முன் சீட்டில் ஏறினாள். பின்னால் சுஜாதா. வேண்டுதல் ஒரு சாக்கு. இன்று அந்த முள்ளைத் தன் கண்ணால் பார்த்துவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி குலுங்கியது. சிறிது நேரத்தில் ஹீட் முள் மெல்ல எழுந்தது. சம்பூர்ணம் இமைக்கவில்லை. அவள் கண்ணுக்கு இன்னொன்றும் தப்பவில்லை.

"சுஜாதா, மாப்ளைய அதப் பாக்கச் சொல்லு. பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறுது. ரோட்ல போற வண்டிக்குப் பெட்ரோல் எப்டி ஏறும்? ரெண்டும் கூட்டுக் களவாணிங்க."

கார்த்தி ஓரங்கட்டி இறங்கினான். பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தான். ஆவி இல்லை, கொதிப்பு இல்லை. "இன்ஜின் நல்லாத்தான் கீது. அத்த சொன்னதுதான் சரி. ரெண்டுக்கும் கரண்ட்ட அளந்து உடற டப்பி ஒண்ணுதான்."

அவன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்தபோது, சம்பூர்ணம் சீட்டு நுனிக்கு நகர்ந்தாள். அங்கேதானே அவளுடைய ரகசியம் இருக்கிறது! மருமகன் ஊரில் இல்லாத ஒரு நாள், எலெக்ட்ரீஷியன் தமிழ்வாணனை வரவழைத்து ஒரு திருட்டு சுவிட்ச் வைத்திருந்தாள். அதைப் போடாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. தினமும் காலையில் வண்டிக்குக் குங்குமம் வைக்கிற சாக்கில் அதைப் போடுவாள். சாயங்காலம் வாடிய பூவை எடுக்கிற சாக்கில் அணைப்பாள்.

அடியிலிருந்து கார்த்தியின் குரல் வந்தது. "டப்பி தொங்கினு கீது, அத்த. பாடில எர்த் ஆவணும். தகரத்துல பட்டா நெசத்தைக் காட்டும். படலன்னா ரெண்டு முள்ளும் தூக்கினு பூடும். காலைல பாதி டேங்க்னு காட்டுச்சே, அதான் பொய். சாயந்தரம் காட்டுனது நெசம்." கொஞ்சம் நிறுத்தினான். "இங்க ஒரு ஸ்குரு இருந்திருக்கு. யாரோ கழட்டிகீறாங்க."

அது எந்த ஸ்குரு என்று சம்பூர்ணத்துக்குத் தெரியும். சுவிட்சுக்கு இடம் பண்ணக் கழற்றியதைத் தமிழ்வாணன் 'மிச்சம்' என்று அவள் கையில் கொடுத்திருந்தான். மிச்சத்தை யாரிடமும் விட்டுவைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து, வெற்றிலைக் காம்புகளுக்கு நடுவே துழாவி எடுத்து நீட்டினாள்.

"அம்மா!" என்றாள் சுஜாதா.

கார்த்தி அதை வாங்கித் திருகினான். எழுந்து உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "சுவிட்ச் மேட்டர் எனக்குத் தெரியும், அத்த. நீங்க மதுராந்தகம் சீமந்தத்துக்குப் போனன்னைக்கு வண்டி ஓடுச்சே. யார் போட்டான்னு நெனச்சீங்க?"

அவள் மடியில் காய்ந்த மாலை நொறுங்கியது. எப்போது வேண்டுமானாலும் அவனே சுவிட்சைப் போட்டு வண்டியை எடுத்திருக்கலாம். அப்படியிருந்தும், தினம் காலையில் அவள் குங்குமம் வைத்து முடிக்கும்வரை வாசலில் காத்து நின்றிருக்கிறான்.

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்காம இருந்தாரு, சுஜாதா?"

"என்னையே கேளுங்கத்த. பக்கத்துலதான குந்தினுகீறேன்."

ஒரு லாரி கடந்து போனது. சம்பூர்ணம் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்த சுவிட்சக் கழட்டிப் போட்டுடுங்க, மாப்ளே," என்றாள் கடைசியில். முகம் பார்த்து அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"எதுக்கு? வண்டிக்கு நல்லதுதான். எங்க கீதுன்னு மட்டும் நீங்களே காட்டுங்க."

"தெரியும்னீங்களே."

"நானா கண்டுபுடிச்சது வேற. நீங்க காட்றது வேற."

அவள் குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் விரலை வைத்தாள். "இதோ, இங்க."

கார்த்தி வண்டியைக் கிளப்பினான். ஹீட் முள் நடுவில் போய் நின்றது. பெட்ரோல் முள் அடியில் படுத்துக் கிடந்தது. "மொதல்ல பங்க்குக்குப் போவணும்," என்றவன், கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். "ஏய், அந்தக் கேளம்பாக்கம் வூட்டுக்காரருக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடு."

சம்பூர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும், திருவிடந்தை வந்து சேரும்வரை அவள் கண் அந்த இரண்டு முட்களை விட்டு நகரவில்லை.