மடியில் இருந்த பையோடு இறங்கிவிடாதீர்கள்: பதுளையிலிருந்து பண்டாரவளைக்குக் கார் இல்லாமல்

சென்ற மாதம் என் காரின் கியர்பெட்டி மக்கர் செய்தது. கராஜ்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்று கையை விரித்துவிட்டார். பதுளையில் எங்களுக்கு ஓர் இரும்புக்கடை இருக்கிறது. பண்டாரவளையில் உள்ள கிளையை நான் பார்த்துக்கொள்கிறேன். போக முப்பது கிலோமீற்றர், வர முப்பது. ஐந்து பேர் உட்காரக்கூடிய காரில் வருஷக்கணக்காக நான் ஒருத்தியே போய்வந்துகொண்டிருந்தேன். பெட்ரோலுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகும்.

“பஸ்ல போயேன், உலகம் அழிஞ்சிராது” என்றார் என் கணவர். அவருடைய கடை வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. அவருக்கென்ன, சொல்வார். ஆனால் வேறு வழியும் இல்லை. இதே ரோட்டில் என்னைப் போலத் தனியாகக் கார் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் பஸ். பதுளை நிலையத்தில் காலை ஏழு மணி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னதாகப் போனால் உட்கார இடம் கிடைக்கும். ஹாலி-எலயில் ஏறினால் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். கூட்டம் இல்லாவிட்டால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் பண்டாரவளை. கூட்டம் இல்லாத நாளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஜன்னலோரத்துக்கு ஆசைப்படாதீர்கள், இறங்கும்போது நாலு பேரின் காலை மிதிக்க வேண்டிவரும்.

பஸ்ஸில் போய்ப் பழகாதவர்களுக்கு இன்னொன்று. இங்கே உட்கார்ந்திருப்பவரின் மடி அவருக்குச் சொந்தமில்லை. நிற்கிறவர்கள் கேட்காமலே தங்கள் பையை அதில் வைப்பார்கள், இறங்கும்போது எடுத்துக்கொள்வார்கள். முகம்கூடப் பார்க்க மாட்டார்கள். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. என்ன உரிமை!

தெமோதரையில் ஏறிய ஒரு பெண் மட்டும் வாய் திறந்து பேசினாள். துணிப்பையை என் மடியில் வைத்துவிட்டு, “கசங்காமப் பாத்துக்கங்கக்கா” என்றாள்.

“என்னம்மா இருக்கு இதுல?”

“பிளவுஸ்க்கா. நான் தைச்சது.”

அவள் பெயர் புவனா. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். ஆறு வருஷமாகத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். பக்கத்து வீட்டு மெஷினில் தையல் பழகியிருக்கிறாள். பண்டாரவளையில் கல்யாணப் பிளவுஸ் தைக்கும் கடை ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம். அவளே தைத்த ஒன்றைக் கொண்டுவரச் சொன்ன முதலாளியம்மா, ஒன்பது மணிக்குக் கொழும்புக்குப் புறப்படுகிறாராம், அதற்குள் காட்ட வேண்டுமாம்.

“இது மட்டும் கெடச்சிருச்சுன்னா வெடிய காலைல பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துல போயி நிக்க வேணாம்க்கா. மழையில அட்டக்கடி வாங்க வேணாம்” என்றாள். நான் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கும்பல்வெல சந்தியில் பாதிப் பஸ் இறங்கும். வாசலோரம் நிற்கிறவர்கள் கீழே இறங்கி வழிவிட்டுத் திரும்ப ஏற வேண்டும். புவனாவும் இறங்கினாள். அவள் ஏறுவதற்குள் மேலும் ஏழெட்டுப் பேர் முண்டியடித்து ஏறினார்கள். கண்டக்டர் “ரைட், ரைட்!” என்றார். வளைவு தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். புவனாவைக் காணோம். பை என் மடியில் இருக்கிறது.

“ஐயையோ, நிப்பாட்டுங்க! ஒரு பிள்ளை ஏறல!” என்று கத்தினேன்.

“இருங்க நோனா, இருங்க” என்றார் கண்டக்டர், பதறாமல்.

இருப்பதாவது! ஒரு பெண்ணின் பிழைப்பு என் மடியில் இருக்கிறது, இந்த மனுஷன் உட்காரச் சொல்கிறார். ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு பஸ் நின்ற அடுத்த ஹோல்ட்டில் பையோடு இறங்கிவிட்டேன். பின்னால் வருகிற பஸ்ஸில் அவள் வருவாள், கையில் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. பெரிய வேலை செய்துவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

அடுத்த பஸ் வந்தது. மிதிபலகை வரை ஆட்கள். நான் கையைக் காட்டக் காட்ட நிற்காமல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தத் துணிப்பைக்குள் இருந்த புவனாவின் போன் அடித்தது. யாருடைய போனிலோ இருந்து புவனா பேசினாள்.

“அக்கா, அடுத்த பஸ்ல ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். எங்க இருக்கீங்க?”

“நான் ஹோல்ட்டுல எறங்கி உனக்காக நிக்கிறேம்மா.”

அழுகிற குரல் கேட்டது. “ஏங்க்கா எறங்குனீங்க? ஆள விட்டுட்டாலும் பை பஸ்லயேதானே வரும். கண்டக்டர் எடுத்து வச்சிருப்பாரு. ஸ்டாண்டுல வாங்கிக்குவோம். எல்லாரும் அப்படித்தானே!”

பஸ்ஸில் போகிற அத்தனை பேருக்கும் தெரிந்த ஏற்பாடு எனக்கு மட்டும் தெரியவில்லை. எங்கே தெரியும்? காரில் எது நடந்தாலும் நானேதான் இறங்கிப் பார்த்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் இறங்கிவிட்டேன். மணி எட்டரை தாண்டியிருந்தது.

ஒருவர் மட்டுமே உட்கார்ந்து ஓட்டிப்போன கார்களுக்கெல்லாம் கையைக் காட்டினேன். ஒருவரும் நிற்கவில்லை. வாயில் வந்தபடி திட்டினேன். கடைசியில் பாட்டுப் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாக ரொட்டி விற்கும் ஒரு பாண் ஆட்டோ வந்தது. ரோட்டின் நடுவிலேயே போய் நின்றுவிட்டேன்.

“எத்தன பாண் நோனா?”

“பாண் வேணாம். பண்டாரவளை ஸ்டாண்டுக்கு விடுங்க. ஒரு பிள்ளையோட வேலை போயிரும்” என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என்னையும் பையையும் ஒரு தடவை பார்த்தார். தான் நகர்ந்து முன்சீற்றில் பாதி இடம் கொடுத்தார். பிறகு பாட்டை நிறுத்தினார். “இது கேட்டா ஆளுங்க வந்துருவாங்க. வண்டிய நிப்பாட்ட வேண்டி வரும்” என்றார். அப்படியும் ஓர் அம்மாள் குறுக்கே வந்து மறித்து, மீன் வைத்த மாலு பணிஸ் இரண்டை அழுத்திப் பார்த்து வாங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நிலையத்தில் புவனா கண்டக்டருக்குப் பக்கத்தில் நின்றாள். பையை வாங்கியதும் ஓடினாள். நானும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இரும்புக்கடை நோனா ஓடுவதை அன்று பண்டாரவளையே பார்த்தது, பார்க்கட்டும்.

கடை வாசலில் வேன் ஸ்டார்ட்டாகி நின்றது. முதலாளியம்மா ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். புவனா மூச்சு வாங்கிக்கொண்டே பிளவுஸை நீட்டினாள். அவர் அதை உட்பக்கம் புரட்டி, தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். முகம் மலர்ந்தது. பிறகு, “கையக் காட்டு” என்றார்.

புவனாவின் விரல் நுனிகளெல்லாம் தேயிலைக் கறை. கறுப்பாக இருந்தன.

“வெள்ளைப் பட்டெல்லாம் வருமே பிள்ள” என்று இழுத்தார் அவர்.

“பறிக்கிறத விட்டா ஒரு மாசத்துல கறை போயிரும்ங்க. தையல் போகாது” என்றாள் புவனா.

முதலாளியம்மா சிரித்துவிட்டார். “சரி, திங்கக்கெழம வா. ஒரு மாசம் பாக்கிறேன். எட்டரைக்கு மெஷின்ல இருக்கணும். பஸ் நிக்கல, பஸ் வரலன்னு ஒரு நாள் சொன்னாலும் வேற ஆள்தான், இப்பவே சொல்லிட்டேன்.”

அன்று மாலை நான் ரயிலில் திரும்பினேன். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் குறைவு, முதுகுக்கும் சுகம். ஆனால் எல்லவில் வெளிநாட்டுக்காரர்கள் மூட்டையோடு ஏறும்போது பொறுமை வேண்டும். மழைக்காலத்தில் நேரத்தை நம்பாதீர்கள், நிலையத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். மாலையில் வீடு திரும்ப நல்ல வழி, காலையில் கடை திறக்க உதவாது. ஆசிரியர்கள் சேர்ந்து பிடித்த மாதவாடகை வேன் ஒன்றிலும் விசாரித்தேன். இடம் இல்லை என்றுவிட்டார்கள்.

கார் திரும்பி வந்த அன்றைக்குப் புவனாவைக் கூப்பிட்டேன். “இனி என்கூட வா. காலைல தெமோதரையில ஏத்திக்கிறேன்.” சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்தேன்.

“வேணாம்க்கா” என்றாள் மெதுவாக. “நீங்க ஒரு நாள் லீவு போட்டா நான் என்ன செய்றது? பஸ் நிக்காமப் போகும், ஆனா அடுத்த பஸ்னு ஒண்ணு வரும். உங்க காருக்கு அடுத்த கார் வராதே.”

சுருக்கென்றது. கோபம்கூட வந்தது, மறைப்பானேன். நல்லது செய்யப் போனவளிடம் இப்படியா பேசுவது? ஆனால் அவள் சொன்னதில் எந்த இடத்திலும் என்னால் பிழை பிடிக்க முடியவில்லை.

அடுத்த காரைத் தேடினேன். வங்கியில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, பல் வைத்தியர் ஒருவர், கணினி வகுப்பு நடத்துகிற ஒருவர். மூன்று பேரும் அதே நேரத்தில் அதே ரோட்டில் தனியாக ஓட்டுகிறவர்கள். பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். இப்போது ஒரு நாளைக்கு ஒரு கார்தான் போகிறது, முறை வைத்து. யார் லீவு போட்டாலும் முதல் நாள் மாலையே வட்சப்பில் சொல்ல வேண்டும், மறுநாள் அடுத்தவர் ஓட்டுவார். பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்கிறோம், நாலில் ஒன்றுதான் வருகிறது. நீங்களும் தொடங்குவதானால் பேச்சுத்துணைக்கு ஆள் தேடாதீர்கள், நேரத்துக்கு வருகிற ஆளைத் தேடுங்கள். பல் வைத்தியர் வழியெல்லாம் பல்லைப் பற்றியே பேசுவார், ஆனால் சொன்ன நிமிஷத்தில் வந்து நிற்பார்.

ஐந்தாவது இடம் புவனாவுக்கு. ஏற்பாட்டைச் சொன்னபோது அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. தையல் வேலை நிலைக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்று, தோட்டத்துப் பதிவில் தன் பேரையும் அவள் இன்னும் விட்டுவைத்திருந்தாள்.

“நாலு பேரும் ஒரே நாள்ல வராட்டி?”

“அன்னிக்கு நான் பஸ்ல வர்றேன், உன்னோட.”

சில நாள் எங்களோடு வந்து பார்த்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை காலை காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொன்னாள். “அக்கா, நேத்து ஆபீசுக்குப் போயி தோட்டத்துல என் பேர வெட்டச் சொல்லிட்டேன்.”