பம்பு திறக்காத பஸ்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கண்டியில் பன்வில பஸ் ஏறினேன். இருபது கிலோமீட்டர் சொச்சம். டிக்கட் நூற்றுப் பத்து ரூபா. சுற்றிவர மலை நிற்பதால் நகரத்துப் புகைக்குப் போக வழியில்லை. யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் வளர்ந்த தொண்டை அரைமணி நேரத்திலேயே கரகரத்தது. எனக்கு எரிச்சல் வந்தது.

சாரதி நிசாம் மடவளைக்காரர், பஸ்ஸும் அவருடையதே. கண்ணாடியோரம் கிடந்த புதுக் கடதாசியை நான் எட்டிப் பார்க்க, சிரித்தார்.

"பொகைச் சான்றிதழ் சேர். இண்டைக்கிக் காலையிலதான் கெடச்சிச்சி. டெஸ்ட்டுக்கு முந்தி எஞ்சினுக்கு டீசல் போற பம்பக் கொறச்சி டீசல சுருக்குவோம். பொகை வராது. பொறகு கராஜில தொறந்து உட்றது."

"இப்ப திறந்தாச்சோ?"

"எங்க! மெக்கானிக் கலியாண ஊட்டுக்குப் போய்ட்டார்."

அப்படியானால் இன்று மட்டும் இந்த பஸ் சட்டப்படி ஓடுகிறது. எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு பத்தே கால் வரைக்கும்தான். வத்தேகம தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பஸ் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. டீசல் சுருங்கியதால் இழுக்கப் பலமில்லை. எல்லோரும் இறங்கினோம். வெறும் பஸ் மெதுவாக ஏற, பின்னால் நடந்தோம்.

என்னோடு நடந்தவர் லெட்சுமி, கண்டியில் துணிக்கடையொன்றில் வேலை செய்பவர். நிசாம் சொன்ன பம்புக் கதையைப் பின்னாசனத்தில் கேட்டிருந்தார். தனக்குக் காய்ச்சலென்று, கடைக்குப் போன கையோடு வீடு திரும்புகிறார். ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது.

"பஸ்ஸுக்குப் பின்னாடியே வர்றோம், இருமல் வரல பாத்தீங்களா? எங்க தோட்டத்து லயத்து வீடு அந்த வளைவுலதாங்க இருக்கு. எல்லா பஸ்ஸும் அங்கதான் அழுத்திப் பொகையக் கக்கும். எம் மகளுக்கு இழுப்பு. கதவச் சாத்தியே வச்சிருக்கோம்."

வளைவில் பஸ் காத்து நின்றது. லெட்சுமி சாரதியின் ஜன்னலடிக்குப் போனார்.

"நிசாம் நானா, அந்த பம்ப தொறக்காதீங்க. இப்படியே இருக்கட்டும்."

நிசாம் கோபிக்கவில்லை. "எல்லாரும் மூடினா நானும் மூடுவேன் தங்கச்சி. நான் மட்டும் மூடினா மத்த பஸ் முந்திப் போகும். பிந்தினா எண்ட டர்ன் மத்தவனுக்குப் போகும். ஊட்டுல அஞ்சி பேர் ஈக்கிறாங்க." பிறகு எங்களைப் பார்த்தார். "சொல்லுங்க, நாளைக்கும் எறங்கி நடப்பீங்களா?"

ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறத் தொடங்கினார்கள். மறுநாள் கொழும்பு ரயிலுக்கு நான் ஆசனம் பதிவு செய்திருந்தேன். தேயிலைச் செடிகளைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றிரவு அருகில் நண்பர் வீட்டில் தங்கினேன். சனிக்கிழமை காலை ஏழரைக்கு அதே வளைவுக்கு வந்தேன். லெட்சுமி மகளோடு நின்றார், ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். கீழிருந்து நிசாமின் பஸ் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. வளைவு முழுக்கப் புகையால் கறுத்துப் போயிற்று. லெட்சுமி சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடினார். பன்வில போய்த் திரும்பிய அதே பஸ்ஸில் மூவரும் ஏறினோம். கண்டிக்குப் போக வேறு பஸ் அப்போது இல்லை.

எங்கள் ஊரில் ஏற்றமில்லை. அதனால்தான் சுத்தமான காற்றுக்கு நாங்கள் எதையும் விட்டுக்கொடுக்க நேரவில்லை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

கண்டியில் இறங்கும்போது ரயிலுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

"ரயில் கெடைக்கும்தானே சேர்?" என்றார் நிசாம்.

"ஓம், நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்திட்டியள்" என்றேன். சொன்ன பிறகுதான் பின்னால் பிள்ளை இருமுவது கேட்டது.