துருவும் தீட்டும்

சுற்றியிருந்த எண்ணெய்த் துணியைப் பிரித்துப் பார்த்த சுப்பையா மேஸ்திரி, கிராங்க் ஷாஃப்டை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு என்னை முறைத்தார். கண்ணாடிபோல் மினுங்க வேண்டிய இடத்தில், பேரிங் உட்காரும் இடத்தில், திட்டுத்திட்டாகத் துரு. விரல் தடம் மாதிரியே இருந்தது.

"பொம்பள கை பட்டா வேற என்ன ஆகும்? தீட்டோட வந்து தொட்டிருக்கா," என்றார், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

அது யுத்த காலம். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஓடிய எங்கள் முதலாளியின் பஸ்களில் பாதி, பெட்ரோல் கிடைக்காமல் ஷெட்டில் நின்றன. சீமையிலிருந்து ஸ்பேர் பார்ட் வருவதும் நின்றுவிட்டது. ஒரு சாமான் துருப்பிடித்துக் கெட்டால் அந்த வண்டியே போனமாதிரி. அதனால் இன்ஜின்களைப் பிரித்துப் பத்திரப்படுத்தினோம். அங்கே பிட்டராக இருந்த என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட, ஆள் இல்லாத குறைக்கு முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். பார்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, பஞ்சு வேஸ்டால் துடைத்து, விளக்கெண்ணெய் பூசி, துணி சுற்றிப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. கிரீஸ் கண்ணிலேயே படாத காலம்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "இவள நிப்பாட்டுங்க. இல்லன்னா மிச்ச இன்ஜினும் போயிரும்," என்றார் மேஸ்திரி.

முதலாளி என்னைப் பார்த்துத் தயங்கினார். "ஞானம்மா, நீ கொஞ்ச நாளு வீட்ல இரேன்."

எனக்கும் உள்ளூர பயம்தான். தீட்டு நாட்களில் ஊறுகாய்ப் பானையைத் தொடாதே என்று சொல்லி வளர்த்த உடம்பு இது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"நான் மட்டுமா தொட்டேன் முதலாளி? கழட்டுனது மேஸ்திரி. எமரி போட்டது காசிம் அண்ணன். எல்லாரும் ஒரு இரும்புல கை வைப்போம். எங்கை பட்ட இடம் மட்டும் துருப்பிடிச்சா நானே போயிருதேன்."

பிட்டர் காசிம் உடனே ஒரு முறிந்த ஆக்சிலைத் தூக்கிவந்தார். அதை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, கழுவித் துடைத்தோம். ஒவ்வொருவராகப் பெருவிரலை வைத்து அழுத்தினார்கள். நானும் வைத்தேன். மேஸ்திரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் எதுக்குட்டி வைக்கணும்?"

"பயமா இருக்கா மேஸ்திரி?"

அவ்வளவுதான். வந்து ஓங்கி அழுத்தினார். ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் சாக்பீஸால் பேர் எழுதினேன். ஆக்சிலை முதலாளி தன் அறைக்குள் வைத்துப் பூட்டினார்.

ஐப்பசி மாதம். விடாத அடைமழை; காற்றெல்லாம் ஈரம். அன்று இராத்திரி வீட்டில் எனக்கு அதே யோசனைதான். என் விரல் பட்ட இடம் மட்டும் துருப்பிடித்தால் என்ன செய்வேன்?

காலையில் முதலாளி ஆக்சிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். எல்லோர் தடமும் துருப்பிடித்திருந்தது. என்னுடையதும்தான். மேஸ்திரியின் தடம்தான் எல்லாவற்றிலும் அழுத்தம்; ரேகை தெரிந்தது.

"மேஸ்திரிக்கும் தீட்டு போலயே!" என்றார் காசிம். பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"எல்லாம் வேர்வை உப்பு," என்றார் முதலாளி. அன்று முதல் கழுவிய பார்ட்டை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது, எண்ணெய்த் துணியால்தான் பிடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். அது மேஸ்திரிக்கும் சேர்த்து. கிராங்க் ஷாஃப்டில் துரு மேலாகத்தான் இருந்தது. எண்ணெய் விட்டு மெல்லத் தேய்த்ததும் போய்விட்டது. யுத்தம் முடிந்து அதே ஷாஃப்டை மாட்டித்தான் பஸ்ஸை ஓட்டினார்கள்.

இரும்பைப் பற்றி நான் கற்றது அவ்வளவுதான்: கழுவு, காயவை, எண்ணெய் பூசு, வெறுங்கை வைக்காதே. இப்போது பட்டறைக்கு வருகிற பெண்களுக்கு வேறொன்றும் சொல்ல வேண்டும். மேஸ்திரி அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆனா மாசத்துல அந்த மூணு நாளு மட்டும் வராத."

"அது எந்த மூணு நாளுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிச்சுக்கோங்க."

நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள்வரை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களிடம் யாராவது கேட்டால், நீங்களும் சொல்லாதீர்கள்.