பின்சீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியதும் மூக்கில் ஏறுவது பெட்ரோல் வாசனைதான் என்றாலும், எங்கள் வீட்டில் அதனோடு உப்பங்காற்றின் ஈரமும், அம்மா முதுகில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் நெடியும் கலந்தே இருந்தன. இந்த மூன்றையும் இன்றுவரை என்னால் தனித்தனியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்த அம்மாவுக்கு, நான் பள்ளியில் சேர்ந்த புதிதில், பாண்டிச்சேரியில் வயிற்றுக் கட்டியை அறுத்தெடுத்தார்கள். கட்டி முழுதாகப் போகவில்லை. அதனால் வாராவாரம் மருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. பஸ் படியில் கால் தூக்கி வைக்க அம்மாவால் முடியாது. ஆகவே அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள்தான். வீட்டில் விட்டுப்போக ஆளில்லாததால் டேங்கின் மேல் நான், நடுவில் அப்பா, பின்னால் ஒருக்களித்து அம்மா.

வண்டி "மிஸ்ஸிங்" அடித்தது. சீராக ஓடிக்கொண்டிருக்கையில் மூச்சு நின்றதுபோல் ஒரு கணம் தயங்கி, பிறகு வெடுக்கென்று முன்னால் பாயும். ஒவ்வொரு பாய்ச்சலும் அம்மாவின் தையலைப் பிடித்து இழுத்தது. அப்பாவின் இடுப்பைச் சுற்றி வந்து என் கவுன் பெல்ட்டைப் பிடித்திருக்கும் அம்மாவின் விரல்கள் அப்போதெல்லாம் இறுகும்; "மாதாவே" என்பது காற்றில் பாதி கேட்கும்.

அப்பா மெக்கானிக் இல்லை. பாத்திகளுக்கு உவர்நீர் இறைக்கும் டீசல் இன்ஜினை ஓட்டுபவர். அந்த இன்ஜின் சீராக ஓடுகிறதா என்று பார்க்க, உப்பளத்துக்காரர்கள் அதன் அடிப்பலகையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார்கள். தண்ணீர் சிலிர்க்காமல் இருந்தால் இன்ஜின் சுகம். அதே வழக்கத்தில் அப்பா வண்டியை ஸ்டாண்டு போட்டு, பின்சீட்டில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்து, வேலை முடிந்து வந்த ஒவ்வொரு சாயங்காலமும் கார்புரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் "ஏர் ஸ்க்ரூ"வை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். பெட்ரோல் வரும் பொடித்துளையான ஜெட்டில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து ஊதுவார்.

"இன்னா மாமா, ஞானஸ்நானமா? தெனம் பெட்ரோல்ல குளிப்பாட்டுறீங்க, பேர் மட்டும் வைக்கவே மாட்றீங்களே!" என்று அம்மாவின் தம்பி ஜோசப் மாமா கிண்டலடிப்பார்.

"டேய், நீ வாய மூடிக்கினு டார்ச்சப் புடிடா," என்பார் அப்பா.

கடைசியில் ஒருநாள் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. அடுத்த பயணம் முடிந்து இறங்கியதும், "எப்டி இருந்துது?" என்று அப்பா ஆவலாகக் கேட்டார்.

"தேவலாங்க. நல்லாத்தான் போவுது," என்றார் அம்மா. என் பெல்ட் வழியெல்லாம் இறுகி இறுகித்தான் தளர்ந்திருந்தது. ஆனால் அம்மா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல? அப்பா நிம்மதியாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து இன்ஜின் பெல்ட்டில் சிக்கி அப்பாவின் கை கிழிந்தது. டீசல் வாங்க ஜோசப் மாமா வண்டி ஓட்ட, அப்பா முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் டேங்கின் மேல். அனுமந்தை ஊர் வருவதற்குள், வண்டி மூன்றாம் முறை வெடுக்கென்று பாய்ந்ததும், அப்பா மாமாவின் தோளைத் தட்டி, "நிறுத்துடா," என்று இறங்கிவிட்டார். "நீ போ. நான் நடந்து வர்றேன்."

வீட்டுக்கு வந்தவர் நேராக அம்மாவிடம் போனார்.

"நல்லா போவுதுன்னு சொன்னியே, ஸ்டெல்லா?"

"வேலைக்குப் போய்ட்டு வந்து எவ்ளோ நேரந்தான் அதையே நோண்டிக்கினு இருப்பீங்க? எனக்கே பாவமா இருந்துதுங்க."

பிற்பாடு ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தபோதுதான் அப்பா எங்கே தவறினார் என்று எனக்கு விளங்கியது. ஏர் ஸ்க்ரூவுக்கு வேலை வண்டி நின்று உறுமும்போதும், ஆக்ஸிலரேட்டரைத் திருகத் தொடங்கும்போதும் மட்டுமே. வேகம் பிடித்து ஓடுகையில் பெட்ரோலை அளந்து விடுவது உள்ளே தொங்கும் ஊசி. உப்பள இன்ஜின் நின்ற இடத்திலேயே நாளெல்லாம் ஒரே வேகத்தில் ஓடும். அதை நிறுத்திவைத்துச் சோதித்தால் போதும். வண்டி அப்படியல்ல. மேலும், ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவரின் உடம்பு பாய்ச்சலை முன்கூட்டியே அறிந்து தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு எந்த அறிவிப்பும் கிடையாது.

இந்தப் பாடம் எதுவும் தெரியாமலேயே அப்பா அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும், டம்ளரோடு பின்சீட்டில் ஏறினார். மாமா ஓட்ட, உப்பளங்களுக்கு நடுவில் ஓடும் ரோட்டில் போவதும் வருவதும் ஊசியைக் கழற்றி, அதன் உயரத்தை மாற்றும் "லாக்"கை வேறு பள்ளத்தில் மாட்டுவதுமாக இருந்தார். பேன்ட் முழுக்கத் தண்ணீர்.

"யோவ் அந்தோணி, டீ யாருக்குய்யா வாங்கினு போற?" என்று வரப்பிலிருந்து உப்பளத்து ஆட்கள் கத்தினார்கள்.

"எங்கூட்டுக்காரிக்குதான்," என்றார் அப்பா, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கை ஆறி அப்பாவே மறுபடி ஓட்டிய வாரம், பாண்டிச்சேரியிலிருந்து திரும்புகையில், பொம்மையார்பாளையம் தாண்டியதும் அம்மாவின் விரல்கள் என் பெல்ட்டிலிருந்து நழுவின. நான் பயந்து திரும்பினேன். அம்மா அப்பாவின் முதுகில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி ஒரே கியரில், ஒரே சத்தத்தில் ஓடியது. கிளட்ச் தேவைப்படாத இடது கையால் அப்பா அம்மாவின் கையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெரு வந்தது, அவர் வண்டியைத் திருப்பவில்லை. ஊரைத் தாண்டி, உப்புக் குவியல்களைத் தாண்டி, வெயில் இறங்கும்வரை போய்க்கொண்டே இருந்தார். நிறுத்தினால் அம்மா விழித்துவிடுவார் என்று எனக்கும் புரிந்ததால், பசிக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அதன்பின் அப்படிப் போய்வர அதிக வாரங்கள் கிடைக்கவில்லை. மழைக்கு முந்திய கடைசி உப்பை வாரிக்கொண்டிருந்த நாட்களில் அம்மா போய்விட்டார். வண்டியை யாரும் எடுக்கவில்லை; உப்பங்காற்று சைலன்சரைத் தின்று, பிறகு மட்கார்டைத் தின்று, மிச்சத்தைக் காயலான் கடைக்காரர் தள்ளிக்கொண்டு போனார்.

இப்போது சென்னையில் வண்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அம்மாவைப் படுத்தியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், பள்ளமும் மேடுமான அந்த ரோடு அகலமாகி வழவழப்பாகிவிட்டது. புதிய வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை, பெட்ரோலை ஒரு சிறு கணினி அளந்து தெளிக்கிறது. பஸ்ஸிலும் தாழ்ந்த படி வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது. அம்மா இல்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது என் புது ஸ்கூட்டரில் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரி வரை போய்வந்தேன். வீட்டு வாசலில் இறங்கியவர், பின்சீட்டைக் கையால் ஒருமுறை தடவினார்.

"வண்டி ஓடுறதே தெரியலம்மா," என்றார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை.